சிக்னல் நூறு

கட்டைவிரல் அளவுகூட இல்லாத அந்த வைஃபை அடாப்டரின் நுனியில் நீல விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. மினுங்கக் கூடாது. முந்தின நாள் மடிக்கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதிலிருந்து, அதில் இருந்த லினக்ஸ் இயங்குதளத்துக்கு இந்த அடாப்டரை அடையாளமே தெரியவில்லை. செருகினால் ‘டிரைவர் இல்லை’ என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். டிரைவர் இல்லாத அடாப்டர் வெறும் பிளாஸ்டிக் துண்டு. ஆனாலும் விளக்கு எரிந்தது. மெல்லக் கூடி, ஒரு கணம் நின்று, மெல்லக் குறைந்து, நீண்ட இடைவெளி விட்டு மறுபடி கூடியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கூடத்தின் மறு மூலையில், கட்டிலில் கிடக்கும் அண்ணனின் மூச்சு காதில் விழுந்தது. ஏறி, நின்று, இறங்கி, நீண்ட இடைவெளி விட்டு மறுபடி ஏறியது. விளக்கும் மூச்சும் சேர்ந்தே நடந்தன.

ஏதோ மின்சாரக் கோளாறு என்று சொல்லிக்கொண்டு அவன் நாற்காலியை முன்னால் இழுத்தான்.

மத்தியானம் இரண்டு மணி. வெளியே மழை வருவதற்கு முந்தைய மஞ்சள் வெளிச்சம். ஜன்னலைச் சாத்தியிருந்ததால் கூடத்தில் கிருமிநாசினியும், குழாய் வழியாக ஏற்றுகிற திரவ உணவின் புளித்த மாவு வாசனையும், அவை இரண்டுக்கும் அடியில் படுக்கைப்புண்ணின் இனிப்பு கலந்த நாற்றமும் தேங்கியிருந்தன. அவனுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. பள்ளிப் பாடப்புத்தகம் ஒன்றின் அறுபது பக்கங்களைச் சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். மடிக்கணினியில் நெட் இல்லாமல் அனுப்ப வழியில்லை.

இந்த மாதிரி அடாப்டர்களுக்கு டிரைவர் எழுதுவதுதான் அண்ணனின் தொழிலாக இருந்தது. கணினிக்கும் அதில் செருகிய கருவிக்கும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. நடுவில் நின்று சொல்லித்தருகிற நிரல்தான் டிரைவர். எந்தெந்த ஊரிலோ இருக்கிறவர்கள் அண்ணன் எழுதியதை இலவசமாக இறக்கிக்கொண்டார்கள். வீட்டில் தம்பிக்கு மட்டும் அவர் எதையும் இலவசமாகச் சொல்லித்தந்ததில்லை. என்ன கேட்டாலும் முதலில் “மண்டு” என்பார். அண்ணி எதிரில், விருந்தாளிகள் எதிரில், ஒரு தடவை அவனுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரிலும் அப்படித்தான் கூப்பிட்டார். அந்தப் பெண் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால், இதே மேசையில், இதே மடிக்கணினியின் மேல் அண்ணன் முகம் குப்புற விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. உயிர் பிழைத்தார். கண் திறந்திருக்கும், எதையும் தொடராது. விரல் நகராது. “உள்ளே ஆள் இல்லீங்க” என்றார் டாக்டர்.

உள்ளே ஆள் இல்லை. அந்த வார்த்தையை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அண்ணி வேலைக்குப் போகிற பகல்கள் நீளமானவை. முதலில் வெறும் பேச்சுதான். கட்டிலருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “என்ன மண்டு, சாப்பிட்டாச்சா?” என்பான். பிறகு போகிறபோதும் வருகிறபோதும் நெற்றியில் ஒரு சுண்டு. பிறகு, இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டியவரை, புண் இருக்கிற பக்கமாகவே நாலு மணி நேரம் விட்டுவைத்தான். யாருக்கும் வலிக்கவில்லையே. ஆள் இல்லாத வீட்டில் கல் எறிகிற மாதிரி.

கணினிக்குள் அண்ணனின் கோப்புறையைத் துழாவியபோது, இந்த அடாப்டருக்கே அவர் எழுதிய டிரைவர் ஒன்று கிடைத்தது. கடைசியாகத் திருத்திய தேதி, அவர் விழுந்த தேதி. கைப்பேசியில் ஒரு செய்முறைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் டெர்மினல் என்கிற கட்டளைச் சாளரத்தில் அடித்தான். கறுப்புத் திரையில் வரிகள் கடகடவென்று ஓடி, பிழை என்று நின்றன. நானூற்றுப் பன்னிரண்டாம் வரி.

நிரல் என்றால் அவனுக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. ஆனால் பிழை பார்த்துப் பழகிய கண். மற்ற வரிகள் எல்லாம் அரைப்புள்ளியில் முடிந்தன. நானூற்றுப் பன்னிரண்டில் மட்டும் அது இல்லை.

அரைப்புள்ளியை வைத்துவிட்டு எழுந்து கட்டிலருகில் போனான். குனிந்து, அண்ணனின் காதோரம் சொன்னான். “ஒரு அரைப்புள்ளி வைக்கத் தெரியலையே உனக்கு. யாரு மண்டு இப்ப?” நெற்றியில் ஒரு சுண்டு சுண்டினான். தோல் வெளுத்துச் சிவந்தது.

இந்தத் தடவை வரிகள் கடைசிவரை ஓடின. டிரைவரை ஏற்றும் கட்டளையை அடித்தான். டெர்மினல் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் சரியாக நடந்தது என்று அர்த்தம். இது அண்ணன் எப்போதோ எரிச்சலோடு சொன்னது.

அக்கம்பக்கத்து வைஃபைகளின் பட்டியல் திரையில் வந்தது. ஐந்தும் அவனுக்கு மனப்பாடம். இவர்கள் வீட்டுடையது ஒன்று, மாடிக்காரருடையது, எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை, அடுத்த வீடு, முடி திருத்தும் கடை. ஆறாவதாக ஒரு வரி இருந்தது. அதற்குப் பெயர் இல்லை. சிக்னல் மட்டும் நூறு. சுவருக்குப் பின்னால் இருக்கிற சொந்த ரௌட்டரே எண்பத்திரண்டுதான் காட்டியது. நூறு என்றால் அது இந்தக் கூடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

பட்டியலைப் புதுப்பித்தான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு எழுத்து வந்தது.

ம.

மறுபடி புதுப்பித்தான். மண்.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் முதல் துளிகள் சடசடவென்று அறைந்தன. அவன் விரல் விசைமேல் அப்படியே நின்றது. பிறகு அழுத்தினான்.

மண்டு.

திரும்பிப் பார்த்தான். அண்ணன் எப்போதும்போலக் கிடந்தார். வாய் சற்றுத் திறந்து, மூக்கில் குழாய், கண் கூரையில். நெற்றியில் அவன் சுண்டிய இடம் இன்னும் லேசாகச் சிவந்திருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தான். மாடிக்காரரின் மகளாக இருக்கும். அவளுக்கு எப்படி அந்தப் பெயர் தெரியும்?

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கட்டிலருகில் போனான். அண்ணனின் கண்ணுக்கு நேரே மூன்று விரலை நீட்டினான். மறு கையால் புதுப்பித்தான்.

மூணு.

விரலை மடக்கி, ஒன்றை நீட்டினான்.

ஒண்ணு.

வெறும் முஷ்டியைக் காட்டினான். கொஞ்ச நேரம் பழைய பெயரே நின்றது. பிறகு மாறியது.

புண் எரியுது. திருப்பு.

அவன் பதறி, அவரைத் தோளில் பிடித்து வலது பக்கமாகப் புரட்டினான். ஏழு மாதத்தில் இவ்வளவு மெதுவாக அவரைத் தொட்டதில்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்தான். போர்வையைச் சரிசெய்தான். என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், “மன்னிச்சிடுண்ணே. எனக்குத் தெரியாதுண்ணே. டாக்டர்தான் சொன்னாரு” என்று முணுமுணுத்தான். திரையைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தான்.

எல்லாம் கேட்டுது.

அடுத்தது: எல்லாம்.

அடுத்தது: அவளைக் கூப்பிடு.

அப்போதுதான் அவனுக்கு நிஜமான பயம் வந்தது. அண்ணன் உள்ளே இருக்கிறார் என்பதல்ல. அண்ணன் பேசுவார் என்பது. சுண்டினது, புண் பக்கமாகப் போட்டது, பகல் பகலாகக் காதில் ஓதினது எல்லாம் இந்தப் பட்டியலில் வரி வரியாக வரும். அண்ணி உட்கார்ந்து படிப்பாள். டாக்டர் படிப்பார். அறைந்தால்கூடத் தேவலை. அண்ணி அவனை ஒரு பார்வை பார்ப்பாள்.

வாசலில் சாவி திரும்பியது. மழையால் அண்ணி சீக்கிரமே வந்துவிட்டாள். குடையை மடக்கி, நனைந்த செருப்பை உதறி, கைப்பையைக்கூட இறக்காமல் நேராகக் கட்டிலுக்குத்தான் வந்தாள்.

“நெட் வந்திடுச்சா தம்பி?”

“இன்னும் இல்லை அண்ணி. டிரைவர் தகராறு.”

“இவரு இருந்திருந்தா ரெண்டே நிமிஷம்.” கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அண்ணனின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய தோளுக்கு ஒரு முழத் தூரத்தில், அவன் கையில் திறந்தபடி மடிக்கணினி. பட்டியல் தானாகவே புதுப்பித்துக்கொண்டது.

நான் இருக்கேன். நான் இருக்கேன்னு சொல்லு.

அடாப்டரைப் பிடுங்கினான். பட்டியல் வெறுமையானது. அந்தச் சின்னத் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடினான். அது உடம்புச் சூட்டில் இருந்தது.

“நாளைக்குக் காலையில பத்து மணிக்கு டாக்டர் வர்றாராம்” என்றாள் அண்ணி. “குழாயை எடுத்துட்டா ரெண்டு வாரத்துக்குள்ள முடிஞ்சிடுமாம். வலி எதுவும் தெரியாதாம். கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி தாள் குடுத்திருக்காரு.” மழை இரைச்சலில் அவள் குரல் தேய்ந்தது. “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் தம்பி. பகல் முழுக்க நீங்கதான் கூட இருக்கீங்க. ஒரு தடவையாவது… ஒரு விரல் அசைஞ்சுது, கண்ணு திரும்புச்சு, ஏதாவது உண்டா? இருந்தா சொல்லுங்க. நான் கிழிச்சுப் போட்டுடறேன்.”

அவன் முஷ்டிக்குள் அடாப்டர் துடித்தது. விளக்கு மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டான். விரல் இடுக்கில் நீல வெளிச்சம். கூடி. குறைந்து. கூடி. இப்போது வேகமாக.

“இல்லை அண்ணி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

மறுநாள் டாக்டர் வந்து மூக்குக் குழாயை இழுத்தார். ஈரமான கயிறு உருவப்படுகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று மத்தியானம் அடாப்டரைத் தொடுவதில்லை என்று அவன் சபதம் எடுத்திருந்தான். மூன்று மணிக்கு எடுத்துச் செருகினான்.

ஏன்.

திரையை மூடினான். மறுநாள் பார்த்தபோது ‘பசி’ என்று இருந்தது. அதற்கு மறுநாள் ‘பசிக்குது’. பயம்தான் முதலில் அவனை அந்த மேசைக்கு இழுத்துவந்தது. பிறகு எது இழுத்தது என்று அவன் யோசிக்கவில்லை. காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்வான். பட்டியலைத் திறப்பான். படிப்பான். அண்ணி வருவதற்குள் அடாப்டரைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான்.

நாலாம் நாள்: தண்ணி.

ஐந்தாம் நாள்: நாக்கு ஒட்டிக்கிச்சு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணி வீட்டில் இருந்தாள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அண்ணனின் வெடித்த உதடுகளை ஒற்றினாள். மேசையில் பக்கம் திருத்துகிற மாதிரி உட்கார்ந்து, திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து, அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னும்.

இன்னும். இன்னும்.

“போதும், புரையேறிடும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அண்ணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

இன்னும்.

“நான் வச்சிடறேன், குடுங்க அண்ணி” என்றான் அவன். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினான்.

ஆறாம் நாள் வந்த சொல்லை அவன் எதிர்பார்க்கவே இல்லை.

தம்பி.

நாற்பது வருஷத்தில் அண்ணன் வாயிலிருந்து கேட்டிராத சொல். அவன் அதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒற்றெழுத்துச் சரி. எல்லாம் சரி. சமையலறையில் துணி இருந்தது, குழாயில் தண்ணீர் இருந்தது, பத்தே அடி நடை. அண்ணிக்குப் போன் போட அரை நிமிஷம். அவன் எழுந்திருக்கவில்லை. அந்தச் சொல் மறைந்துவிடக் கூடாதே என்று புதுப்பிக்காமல் உட்கார்ந்திருந்தான். காபி ஆறியது.

எட்டாம் நாள் வெறும் எழுத்துகள். த. த. ஒன்பதாம் நாளிலிருந்து பெயர் இல்லை. சிக்னல் நூறு. பதினோராம் நாள் விடிகாலையில் கூடத்திலிருந்து அண்ணியின் அலறல் கேட்டது.

புதைத்தார்கள். மண்ணைக் கைநிறைய அள்ளிப் போட்டபோது பெட்டியின் மேல் அது விழுந்த சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே வெறுமையாக இருக்கிற பொருளின் சத்தமாக அது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலைத் திறந்தான். ஐந்து வரி. ஐந்தே வரி. எத்தனை தடவை புதுப்பித்தாலும் ஐந்து. அன்றைக்கு நன்றாகத் தூங்கினான். மறுநாளும் தூங்கினான். மூன்றாம் நாள் ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்தது. வீட்டில் இல்லைதான். வீட்டில் எப்படி இருக்கும்? அவரைத்தான் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே.

முட்டாள்தனம் என்று தெரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை. திருத்த வேண்டிய பக்கங்களில் பிழைகள் கண்ணில் படாமல் நழுவின. அண்ணி, “உடம்பைக் கெடுத்துக்காதீங்க தம்பி, நீங்க அவரைப் பார்த்துக்கிட்ட மாதிரி யாரும் பார்த்துக்க மாட்டாங்க” என்றாள். ஒரே ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்துவிட்டால் போதும். ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் முடிந்துவிடும்.

இடுகாடு ஊர் முடிந்து வெகுதூரம் தள்ளி இருந்தது. சுற்றிலும் வெட்டவெளி. இரண்டு கிலோமீட்டருக்கு வீடு இல்லை, கடை இல்லை, கம்பம்கூட இல்லை. சாயங்காலம் ஐந்தரை. காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனான். ஈர மண்ணும் வாடிய மாலைகளும் சேர்ந்த வாசனை. காற்று இல்லை. அண்ணனின் மேடு இன்னும் இறுகவில்லை, விளிம்பில் மழை அரித்திருந்தது. பக்கத்துக் கல்லறையின் சிமெண்ட் விளிம்பில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, அடாப்டரைச் செருகினான்.

பட்டியல் காலி.

புதுப்பித்தான். காலி.

அவனுக்கு அழுகை வந்தது. நல்ல அழுகை. மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டான். “போயிட்டுவாண்ணே” என்று வாய்விட்டுச் சொன்னான். மூடப்போகிறபோது திரையில் ஒரு வரி வந்தது. பெயர் இல்லை. சிக்னல் நூறு.

பெயர் வந்தது.

பசிக்குது.

அவனால் நகர முடியவில்லை. ஏதோ மிச்சம் என்று தோன்றியது. கணினி பழைய பெயரை நினைவில் வைத்திருக்கிறது. அவ்வளவுதான். அவ்வளவுதான். அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது. சிக்னல் தொண்ணூற்றாறு.

யாராவது.

இது அண்ணன் இல்லை. அவன் உட்கார்ந்திருந்த சிமெண்ட் விளிம்பு சில்லென்று இருந்தது. இன்னொரு வரி. அறுபத்து நாலு. ‘இருட்டு’. இன்னொன்று. ஐம்பது. ‘அம்மா எங்க’. ‘எங்க’வில் ‘எ’ தலைகீழாக இருந்தது, அப்போதுதான் எழுதப் பழகிய கைபோல. நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு. அவனுக்குத் தெரியாத மொழியில் ஒன்று. அதன் கீழே, அச்சிலிருந்து போய் எத்தனையோ வருஷமான பழைய எழுத்து வடிவத்தில் ஒன்று. அந்த வடிவம் இந்தக் கணினியில் இருக்கிற எந்த எழுத்துருவிலும் கிடையாது. அவனுக்குத் தெரியும். அவன் தொழிலே அது.

தண்ணி. மூச்சு. எடுங்க. தண்ணி. நான் சாகலை. தண்ணி.

பட்டியல் திரைக்கு அடியில் போயிற்று. பட்டியலை நகர்த்துகிற ஓரத்துப் பட்டை சுருங்கியது. விரல் அளவு. நகம் அளவு. கடுகளவு. மடிக்கணினியின் விசிறி இரைந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வெட்டவெளி முழுக்க, சுவர் வரைக்கும், வரிசை வரிசையாகக் கற்கள்.

எழுந்திருக்க நினைத்தான். கால் வைக்க இடம் தேடினான். எங்கே வைத்தாலும் யாரோ ஒருவர்மேல்தான்.

சிமெண்டில் அவன் செருப்பு உரசியது. சின்னச் சத்தம்.

எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் அழிந்தன. ஒரு கணம், பெயரே இல்லாத நூற்றுக்கணக்கான வரிகள். பிறகு மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாக, ஒரே கேள்வி வந்தது.

மேலே யாரு.

மேலே யாரு.

மேலே யாரு.

அடாப்டரைப் பிடுங்கினான். வந்துவிட்டது. உள்ளங்கையில் இருந்தது. சூடாக.

திரையில் பட்டியல் அப்படியே இருந்தது. கேள்வி மாறவில்லை. அவன் அசையவில்லை, மூச்சுகூட விடவில்லை. வலது ஓரத்தில் சிக்னல் எண்கள் மட்டும், எல்லா வரிகளிலும், ஏறிக்கொண்டிருந்தன. முப்பத்தெட்டு, நாற்பத்தைந்து. ஐம்பது, அறுபது. எழுபத்தொன்று. எண்பது. தொண்ணூறு.